பனிமலையில் குங்குமம்

ஒனிஹங்காவில் பழைய பொருட்கள் விற்கும் கடையொன்றில் நேற்று அதே மலையைப் பார்த்தேன். ஜப்பானிய மரஅச்சுப் படம். நீல அடிவாரம், வெள்ளைச் சிகரம்.

தொண்ணூறுகளில், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த கிளென்ஃபீல்டில், பக்கத்து வீட்டு ஜப்பானிய ஆன்ட்டி இதே படம் ஒன்றை எங்களுக்குக் கொடுத்தபோது எனக்குப் பத்து வயது. “கைலாசம் மாதிரியே இருக்குடி” என்று அம்மா அதைச் சாமி அலமாரியில் வைத்து, சிகரத்தில் குங்குமம் இட்டாள். எனக்கு மானம் போயிற்று. ஒருநாள் ஆன்ட்டி வாசலில் வரும்போதே ஈரத்துணியால் அவசரமாகத் துடைத்தேன். குங்குமத்தோடு நீலமும் கரைந்து பனியெல்லாம் பரவியது.

ஆன்ட்டி படத்தையே பார்த்தார்.

“அம்மாதான் கெடுத்துட்டாங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அம்மாவுக்கு அவ்வளவு ஆங்கிலம் புரியும். என் பின்னால் நின்றவள், நான் முதுகுக்குப் பின்னால் ஒளித்திருந்த துணியைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டு, “யெஸ், சாரி” என்றாள்.

“எடுத்துப் பாருங்கள்” என்றார் கடைக்காரர். என் கைகள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன.