வெயில் ஆகாத உடம்பு

தூத்துக்குடியின் உப்புக் காற்றும் ஆலைப் புகையும் சேர்ந்து என் முகத்தைத் தடிக்க வைத்திருந்தன. தோல் டாக்டர் எழுதிக் கொடுத்த காலமைன் பாட்டிலை மருந்துக்கடை வாசலிலேயே திறந்தேன். அதே ஈரச் சுண்ணாம்பு வாசனை.

மதுரை வில்லாபுரத்தில் அம்மா தினமும் காலையில் இதை எனக்குப் பூசிவிடுவாள். "ஒனக்கு வெயில் அலர்ஜின்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்பாள். பள்ளி விளையாட்டு விழாவில் அக்கா ஓடுவதை வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்தபடி, எல்லோருடைய பைகளுக்கும் நான் காவலிருந்தேன்.

இன்று அந்த அலர்ஜியைப் பற்றிச் சொன்னதும் தோல் டாக்டர், "உங்களுக்கு அப்படி ஒண்ணும் இல்லையேம்மா" என்றார்.

அம்மாவுக்குப் போன் செய்து கேட்டேன். அவள் மறைக்கவில்லை.

"அப்படிச் சொல்லலைன்னா நீ நெழல்ல நிப்பியா? அம்புட்டு நெறத்தையும் கருக்கவிட்டிருந்தா இம்புட்டு பெரிய எடத்துல ஒன்னையக் கட்டிக்குடுத்திருக்க முடியுமா?"

"அக்காவ மட்டும் வெளையாட விட்டியேம்மா."

"அவ கருப்புதானே. அவளுக்கு எதுக்கு அலர்ஜி?"

போனை வைத்தேன். ஆட்டோ எதிர்ப்பக்கம் நின்றது. வெயிலில் பத்தடி நடந்தால் போதும். துப்பட்டாவை முகத்தின் மேல் இழுத்து மூடிக்கொண்ட பிறகுதான், என் கை செய்ததைக் கவனித்தேன்.