சந்துக்கெல்லாம் பேசிய அக்கா

எங்கள் அன்பு அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. நினைவு ஆராதனைக்குத் தொலைவிலிருந்தும் பக்கத்திலிருந்தும் வந்திருக்கும் உறவினர்களுக்கும், அக்காவின் செம்பூர் அண்டை வீட்டாருக்கும், சபையாருக்கும் குடும்பத்தின் சார்பில் என் ஸ்தோத்திரங்கள்.

இந்த நினைவு மலரைத் தயாரிக்கும் அக்காவின் மூத்த மகள் என்னிடம் கேட்டது இரண்டே பக்கம். "மாமா, அம்மாவோட சின்ன வயசு உங்களுக்குத்தான் தெரியும். நல்லதா நாலு விஷயம் எழுதிக் கொடுங்க" என்றாள். நல்லதாக நாலு விஷயம் எழுதுவது கஷ்டமே இல்லை. நாற்பதுகூட எழுதலாம். அப்படித்தான் மூன்று தடவை எழுதினேன், மூன்று தடவையும் கிழித்துப் போட்டேன். எழுதி முடித்ததும் உட்கார முடியவில்லை. பால்கனிக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "ஒண்ணு எழுதுங்க, இல்ல நடங்க" என்றாள். இது நான்காவது தடவை. இதில் நல்லதும் இருக்கும். அறுபது வருஷமாக நான் யாரிடமும் சொல்லாத ஒன்றும் இருக்கும்.

அக்கா பிறந்தது தாராவியில். அப்பா சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வாலிப வயதில் பம்பாய்க்கு வந்து, மாட்டுங்கா ரயில்வே ஒர்க்ஷாப்பில் கலாசியாக, அதாவது எடுபிடித் தொழிலாளியாகச் சேர்ந்தவர். வேலைக்கு நடந்தே போகலாம் என்பதற்காக லேபர் கேம்ப் பக்கத்துச் சந்து ஒன்றில் ஓர் அறை பிடித்தார். அக்கா தலைப்பிள்ளை. நாலு வருஷம் கழித்து நான், எனக்குப் பிறகு தம்பி. அப்புறம் வேலை தேடி ஊரிலிருந்து வந்த சித்தப்பா இரண்டு வாரம் தங்குவதாகச் சொல்லிவிட்டு ஏழு வருஷம் தங்கினார். ஆக, பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஆறு பேர்.

எங்கள் வலது பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் ரத்னகிரியிலிருந்து வந்த மராட்டிக் குடும்பம். அவர் மில் தொழிலாளி. அந்த அம்மாவை நாங்கள் மாவ்ஷி என்போம். மராட்டியில் அம்மாவின் அக்கா தங்கையை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இடது பக்கம் பானை செய்கிற குஜராத்திகள், எதிரே பால் ஊற்றும் உத்தரப் பிரதேசத்துப் பையா, சந்து முனையில் தோல் ஷாப்பில் வேலை பார்க்கும் நம்மூர் முஸ்லிம் குடும்பங்கள். இத்தனை பேருக்கும் ஒரே குழாய். காலையில் இரண்டு மணி நேரம்தான் தண்ணீர் வரும். அந்த இரண்டு மணி நேரமும் சந்து ஒரு நிலையில் நிற்காது. மில் சங்கு ஊதும், குடம் உருளும், பிள்ளைகள் அழும், நாலைந்து மொழியில் ஏச்சு பறக்கும்.

நடுவில் அக்கா ஓடுவார். அவர் நடந்து நான் பார்த்ததில்லை. மாவ்ஷிக்கு அக்கா வயதில் ஒரு மகள் உண்டு. அந்த வாசலுக்கும் எங்கள் வாசலுக்கும் ஓடியே அக்காவுக்கு மராட்டி வந்துவிட்டது. பால் வாங்கப் போய் இந்தி வந்தது, பானைக்காரர் வீட்டுக் குழந்தையைத் தூக்கிவைத்துக்கொண்டு குஜராத்தி வந்தது. எப்படிக் கற்றாய் என்று யாராவது கேட்டால், "கத்துக்கிடல, காதுல விழுந்துச்சு" என்பார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது அக்காவைப் பொறுத்தவரை பாதிதான் சரி. அந்த வாயால் பிழைத்தது சந்து. ரேஷன் ஆபீஸ், போலீஸ்காரர், ஆஸ்பத்திரிச் சீட்டு, வீட்டுக்காரன் சண்டை, எதுவானாலும் "அந்தப் பிள்ளையைக் கூப்பிடு" என்பார்கள். அப்போது அவருக்குப் பத்து வயது.

அவர் சொல்கிற விதத்தில் ஒரு தந்திரம் இருந்தது. அம்மாவுக்குத் தமிழைத் தவிர ஒரு சொல் தெரியாது. ஒருநாள் குழாயடியில் மாவ்ஷியைப் பார்த்து, "அவ குடம் என்ன மகாராணி குடமா? தூக்கி எறிஞ்சிருவேன்னு சொல்லுட்டி" என்றார். அக்கா மாவ்ஷியிடம் திரும்பி, "அப்பாவுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது, கொஞ்சம் தள்ளி வைத்தால் புண்ணியமாகப் போகும்" என்று மராட்டியில் சொன்னார். மாவ்ஷி பதிலுக்குச் சொன்னதை நினைவு மலரில் அச்சடிக்க முடியாது. அக்கா அம்மாவிடம் சொன்னது, "தாராளமா பிடிச்சுக்கோங்கன்னு சொல்லுதாவ."

அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. "அப்படியா சொல்லுதா? நல்ல பொம்பளதான் போல" என்றார்.

இப்படியே இரண்டு பெண்களும் சிநேகிதிகள் ஆனார்கள். கணபதிக்கு அங்கிருந்து மோதகம் வரும், கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து முறுக்கு போகும். தம்பி பிறந்தபோது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது மாவ்ஷிதான். மத்தியானங்களில் இருவரும் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டு அக்காவை நடுவில் உட்கார்த்தி மணிக்கணக்காகப் பேசுவார்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் சொன்ன நல்ல வார்த்தைகளில் பாதி அக்காவின் சொந்தச் சரக்கு.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏழெட்டு வயதில் எனக்கும் மராட்டி நன்றாகப் புரிந்தது, பேசவும் வந்தது. ஆனால் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அக்கா பேசிவிட்டு வந்தால் கையில் பால் பேடா கொடுப்பார்கள், தலையைத் தடவுவார்கள். நான் பை தூக்கிக்கொண்டு பின்னால் நிற்பேன். அக்கா அந்தப் பேடாவில் எனக்குப் பாதி தருவார். தந்தாலும் எனக்கு வயிறு எரியும். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தும் எழுதுகிறேன்.

பதின்மூன்று வயதில் அக்கா முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் ஏழாம் வகுப்பை முதல் ஆளாக முடித்தார். மாட்டுங்காவில் ஹைஸ்கூலில் சேர்த்துவிடுங்கள் என்று டீச்சர் வீட்டுக்கே வந்து சொன்னார். அதே மாதம் அக்கா பெரிய மனுஷி ஆனார். ஒரே அறையில் அப்பா, சித்தப்பா, நாங்கள். வயசுக்கு வந்த பிள்ளையை எங்கே படுக்க வைப்பது? அந்த நாளில் பம்பாயில் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். சாத்தான்குளத்தில் மாமா வீட்டில் இருக்கட்டும், காலம் வந்தால் கட்டிக் கொடுக்கலாம் என்று அப்பா முடிவு செய்தார். டிக்கெட்டும் எடுத்தாயிற்று. அக்கா எதுவும் பேசவில்லை. ஊருக்கெல்லாம் பேசுகிற பிள்ளை பேசாமல் இருந்ததை வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்த மத்தியானம். அப்பாவும் சித்தப்பாவும் வெளியே போயிருந்தார்கள். அம்மா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார், அக்கா சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார், நான் பாவ் ரொட்டியைச் சாயாவில் முக்கித் தின்றுகொண்டிருந்தேன். மாவ்ஷி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். நின்றபடியே படபடவென்று சொன்னார்: "இந்தப் பெண்ணை அனுப்பாதே. இடமில்லை என்பதுதானே கஷ்டம்? ராத்திரிக்கு என் வீட்டில் என் மகளோடு படுத்துக்கொள்ளட்டும். பள்ளிக்கூடத்தில் சேர்க்க நானே கூட வருகிறேன். படிக்கிற பிள்ளையை அடுப்படிக்கு அனுப்புவது பாவம்."

அம்மா நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். "என்னட்டி சொல்லுதா?"

அக்கா ஊசியைத் துணியில் குத்தினார். தரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தேன்.

"ரயிலு என்னைக்குன்னு கேக்காவ. வழிக்குப் பலகாரம் செஞ்சு தாராவளாம்" என்றார் அக்கா.

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த மனசு யாருக்கு வரும்! அவளை என் கூடப்பிறந்தவளாத்தான் நெனைக்கேன்னு சொல்லுட்டி."

"காய் ம்ஹணதே துஜி ஆயீ?" உன் அம்மா என்ன சொல்கிறாள் என்று மாவ்ஷி கேட்டார். அப்பாவிடம் கேட்டுவிட்டுச் சொல்வதாக அம்மா சொல்கிறார் என்று அக்கா சொன்னார். மாவ்ஷி அக்காவின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். அம்மா மீனுக்குத் திரும்பினார்.

எனக்கு ஒரு சொல் விடாமல் புரிந்திருந்தது. "யம்மா, மாவ்ஷி அப்படிச் சொல்லல" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொல்லவில்லை. பயத்தாலோ விவரம் தெரியாமலோ அல்ல. அக்கா போய்விட்டால் இனி சந்தில் எல்லோரும் என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரிந்தது. அந்த எண்ணம் இனித்தது.

ரயிலேறும் நாள் காலையில் அப்பா டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்காவோடு முன்னால் போய்விட்டார். மாவ்ஷி வெளியே வந்தார். சந்து முனையில் பெட்டி போவதைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா அழுகையும் சிரிப்புமாகப் பலகாரத்துக்குக் கை நீட்டினார். மாவ்ஷி உள்ளே போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

"ஏல, அவளுக்கு என்னாச்சு?" என்று அம்மா என்னைக் கேட்டார்.

"தெரியலம்மா" என்றேன். நான் ஆசைப்பட்ட பதவியில் நான் சொன்ன முதல் வார்த்தையே பொய்.

பதவியும் நிலைக்கவில்லை. அக்காவைப்போல மாற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது. கேட்டதைக் கேட்டபடியே சொன்னேன். ஒரே வாரத்தில் குழாயடியில் இரண்டு மண்டை உடைந்தது. பேடாவுக்குப் பதில் பையாவிடம் அறை வாங்கினேன். மாவ்ஷி மட்டும் என்னிடமும் பேசவில்லை, அம்மாவிடமும் பேசவில்லை. கொஞ்ச காலம் கழித்து, மதராசிகள் திரும்பிப் போக வேண்டும் என்று தெருவில் கத்திக்கொண்டு போன நாட்கள் வந்தன. அம்மா கதவைச் சாத்திவிட்டு வலது பக்கச் சுவரில் காதை வைத்துக் கேட்பார். மாவ்ஷியின் குரல் கேட்டால் தைரியமாக இருக்கும் என்பார். பிறகு மாவ்ஷி குடும்பம் வீடு மாறிப் போய்விட்டது. சாகும் வரைக்கும் அம்மா, "நான் அவளுக்கு என்ன செஞ்சேன்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பதில் தெரிந்த நான் பக்கத்திலேயே இருந்தேன்.

ஊரில் ஐந்து வருஷம் இருந்துவிட்டு, அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டு அக்கா மறுபடி பம்பாய்க்கே வந்தார். அத்தானுக்குச் செம்பூரில் ஃபேக்டரி வேலை. அங்கேயும் அக்காவின் கால் ஓயவில்லை. பிரசவத்துக்குப் போகிற பெண்களோடு ஆஸ்பத்திரிக்கு, பள்ளியில் இடம் கேட்கிற தாய்மாரோடு ஹெட்மாஸ்டர் அறைக்கு என்று போய்க்கொண்டே இருந்தார். தேவ்நாரிலிருந்தும் காட்கோபரிலிருந்தும் அக்காவைத் தேடி வருவார்கள். "இது வீடா, ஸ்டேஷன் விசாரணைக் கவுண்டரா?" என்று அத்தான் கேலி செய்வார். கேலி செய்துகொண்டே வந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுப்பார். ஃபேக்டரியில் அத்தானும் தையல் மிஷினில் அக்காவும் இரவு பகலாக உழைத்து இரண்டு மகள்களையும் காலேஜில் படிக்க வைத்தார்கள். பெரியவள் வயசுக்கு வந்தபோது ஊருக்கு அனுப்பச் சொல்லி ஒரு பெரியவர் வந்தார். அக்கா அவருக்குச் சாப்பாடு போட்டு, வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அத்தான் போன பிறகு சான்பாடாவில் இளைய மகள் வீட்டில் இருந்தார். சிறுநீரகம் கெட்டு, கடைசி இரண்டு வருஷம் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அந்த இரண்டு வருஷமும் வேலையையும் பார்த்துக்கொண்டு தாயையும் பார்த்த மகள்களுக்கும், மாமியார் என்று பாராமல் தூக்கிச் சுமந்த மருமகன்களுக்கும், மருத்துவர்களுக்கும் நர்ஸ்களுக்கும், கேட்காமலே காரை எடுத்துக்கொண்டு வந்து நின்ற பக்கத்து வீட்டுச் சர்தார்ஜிக்கும், ஜெபத்தில் தாங்கிய சபையாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

நன்றி சொல்லியாயிற்று. இங்கே நிறுத்திவிடலாம், நிறுத்த முடியவில்லை.

அக்கா போவதற்கு மூன்று வாரம் முன்னால் ஒரு மத்தியானம், தனியாக இருந்தபோது கேட்டுவிட்டேன். "யக்கா, அன்னைக்கு ஏன் மாத்திச் சொன்ன?"

எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை. தலையணையில் சாய்ந்தபடியே சொன்னார். "ஊருக்கெல்லாம் பேசலாம்ல. என்னைய அனுப்பாதீங்கன்னு மாவ்ஷி சொல்லுதாவன்னு நானே எப்பிடிச் சொல்ல? இவளே கட்டிச் சொல்லுதான்னுதான் அம்மா நெனப்பா. அதான் ஒன்னையப் பாத்தேன். ஒனக்குத்தான் மராட்டி தெரியும்லா."

"எனக்கு ஒம்பது வயசுக்கா" என்றேன்.

"ஆமா" என்றார். "எனக்குப் பதிமூணு."

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

அக்காவின் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. இதை யாராவது இந்தியிலோ இங்கிலீஷிலோ அவர்களுக்குச் சொல்லப்போகிறீர்கள். அப்போது, மாமா தாத்தா சின்னப் பிள்ளை, பாவம், என்று எனக்காக எதையும் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள். உங்கள் பாட்டி என்னைப் பார்த்தார், நான் பேசவில்லை என்று உள்ளபடியே சொல்லுங்கள்.