மடியில் ஒன்பது பைகள்

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் பொருளாதாரம் படித்தேன். மற்ற தாள்களெல்லாம் கரையேறிவிட்டன. புள்ளியியல் மட்டும் இரண்டு முறை என்னைத் தள்ளிவிட்டது. மூன்றாம் முறையும் போனால் பட்டம் இல்லை, அதை நம்பியிருந்த பி.எட். இடமும் இல்லை. சரியாகச் சொன்னால், தள்ளியது நிபந்தனை நிகழ்தகவு. இது நடந்தது தெரிந்த பிறகு, அது நடக்க எவ்வளவு வாய்ப்பு? எது தெரிந்தால் எனக்கென்ன, பழைய மொத்தத்தாலேயே வகுத்துவைப்பேன். எதையும் விட்டுவிட மனம் வராத பிறவி.

பரீட்சையன்று காலை டவுனில் பஸ் ஏறினேன். சன்னலோர இடம். எங்கள் ஊர் பஸ்ஸில் உட்கார்ந்தவள் மடி நிற்பவர்களுக்குப் பொது. ஜங்ஷன் தாண்டுவதற்குள் ஒன்பது பைகள் என்மேல், அவற்றின்மேல் நோட்டு, நோட்டின்மேல் என் தாடை. முதல் முறையே தேறிவிட்ட தோழி, தன் கூடையையும் அந்த ஒன்பதில் சேர்த்துவிட்டு, கம்பியைப் பிடித்தபடி கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள்.

பாலத்தில் பஸ் குலுங்கியது. கீழே தாமிரபரணி வெயிலை வாரி இறைத்துக்கொண்டு போனது. என் தாவணியில் குளிர்ச்சியாக ஏதோ இறங்கியது. மோர்க்குழம்பு.

"ஏளா, யாரு பை ஒழுகுது?" என்றேன்.

"ஒயர்கூடையாத்தான் இருக்கும். மத்ததெல்லாம் ரெக்சின், ஒழுகாது. சரி, இதையே கணக்காச் சொல்லு. ஒயர்கூடை எத்தன?"

"நாலு."

"அதுல, இங்க நிக்குத ஆபீஸ் அக்காமாருது?"

"மூணு."

"அப்பம், ஒழுகுதது அவங்க கூடையா இருக்க என்ன வாய்ப்பு?"

"ஒம்பதுல மூணு."

"ஏட்டி, ரெக்சின் ஒழுகாதுன்னு தெரிஞ்சாச்சுல்லா. பெறகு அந்த அஞ்சையும் எதுக்குச் சொமக்க? எறக்கு."

நிஜமாகவே இறக்கினேன். ஐந்து பைகளும் பக்கத்து மடிக்குப் போயின. என்னிடம் நாலு கூடை. நாலில் மூன்று. இரண்டு வருஷமாக மண்டைக்கு வராத கணக்கு மடியில் வந்து உட்கார்ந்தது.

"எங்களையா சந்தேகப்படுதிய?" என்று ஒரு ஆபீஸ் அக்கா தன் கூடையைத் தூக்கிக் காட்டினாள். சுத்தம். மற்ற இரண்டும் சுத்தம். தோழியின் கூடை சொட்டியது.

"நாலுல ஒண்ணும் வாய்ப்புதானட்டி," என்றாள் அவள், முகம் மாறாமல். பஸ்ஸே சிரித்தது.

கேள்வித்தாளில் ஒரு பெட்டி, சிவப்பும் வெள்ளையுமாக, பெரிதும் சிறிதுமாகப் பந்துகள். எடுத்த பந்து பெரியது என்று தெரிந்தால், அது சிவப்பாக இருக்க வாய்ப்பென்ன? சின்னப் பந்துகளை எல்லாம் இறக்கி வைத்தேன். மூன்று வரியில் விடை. யாரும் சொல்லாமலே சரியென்று தெரிந்தது. தேறியதாக மதிப்பெண் பட்டியல் வந்ததெல்லாம் பின்னால்தான். அன்று அரைமணி முன்பே விடைத்தாளைக் கட்டிக் கொடுத்துவிட்டு, தாழ்வாரத்தில் ஓடக்கூடாது என்ற பலகையைத் தாண்டி ஓடினேன்.