மரியசெல்வியின் பாசித் தொட்டிகள்

மரியசெல்விக்குப் பாசி வளர்க்கிற வேலை. பெண் பார்க்க வருகிறவர்களிடம் அவள் அம்மா "தண்ணி சம்பந்தமான ஆராய்ச்சிங்க" என்று சொல்லிச் சமாளிப்பார். ஒருமுறை மாப்பிள்ளையின் தாயார் விடாமல் துருவ, செல்வியே உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

"அதுக்கு எதுக்குங்க எம்மெஸ்ஸி? எங்க ஊட்டுத் தொட்டியில தானா வளருதே" என்றார் அந்தத் தாயார். சொன்னதில் தவறில்லை. கேசரியைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

மஞ்சக்குட்டை போகிற வழியில், ஒரு காப்பி எஸ்டேட்டின் பழைய கிடங்கை ஒட்டி இருக்கிறது எங்கள் ஆய்வு நிலையம். நிலையம் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. இரண்டு அறை, சில சிமெண்ட் தொட்டிகள், ஜீப் நிறுத்த ஒரு கொட்டகை. ஜீப் இல்லை. அறுவடைக் காலத்தில் காப்பிப் பழத்தைத் தோலுரிக்கிற பல்பர் இயந்திரத்திலிருந்து, புளித்த நாற்றத்தோடு பழுப்புத் தண்ணீர் ஓடையில் போய்க் கலக்கும். அந்தத் தண்ணீரில் நுண்பாசியை வளர்த்தால் அது அழுக்கைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக்கும் என்பது செல்வியின் நம்பிக்கை. பல்பர் சாக்கடையின் சுவரில் சுரண்டியெடுத்த பாசி. அதைக் குடுவையில் வளர்த்து, தொட்டிக்கு மாற்றி, அது செத்து, திரும்ப மாற்றி, மூன்றாவது சீசனில்தான் ஒருவழியாகப் பிழைத்தது.

இயக்குநர் விஜயகுமார் சாருக்குப் பாசிமேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. திட்டத்தில் மூலிகைத் தேநீரையும் சேர்த்துவிட்டிருந்தார். ஆகவே மத்தியான வேளைகளில் செல்வி ஆவாரம்பூ, எலுமிச்சம்புல், மிளகு, ஆரஞ்சுத் தோல் என்று விதவிதமாகக் கலந்து, ஆபீஸில் இருந்த எங்களுக்கெல்லாம் கொடுத்து மார்க் போடச் சொல்வாள். எல்லாமே நன்றாக இருப்பதாகச் சொல்லிவந்தோம். அவள் அதைத் தொடமாட்டாள். அவளுக்குக் காப்பிதான்.

பொங்கல் லீவு முடிந்த மறுநாள் சென்னையிலிருந்து மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. தொட்டியில் பாசி இருந்தால் வேலை தொடரும். இல்லாவிட்டால் எஸ்டேட்காரர்கள் தொட்டிகளைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். செல்வி குப்பனூரில் அம்மா வீட்டுக்குப் பொங்கலுக்குக் கிளம்பியபோது, தண்ணீர் சர்க்கார் ஆபீஸ் கதவுபோல அடர்பச்சையாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் பொங்கலுக்கு முன்பு வீடு வாசல், கட்டுத்தரை, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் சேர்த்துக் காப்புக் கட்டுவார்கள். நிலையத்தைக் கூட்டிப் பெருக்குகிற ராசம்மாள் அக்கா தன் வீட்டை முடித்ததோடு நிற்கவில்லை.

செல்வி திரும்பி வந்த காலையில் தொட்டிகள் வெள்ளைவெளேரென்று நின்றன. ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு காப்புக் கொத்து. உள்ளே தண்ணீரில் அடித்தளம் தெரிந்தது.

"யாருக்கா கழுவுனது?"

"நாந்தான் கண்ணு. நோம்பியும் அதுவுமாப் பாசி புடிச்சுக் கெடந்துச்சு. நானும் எங்க ஊட்டுக்காரருமாத் தேச்சோம். நொம்ப வழுக்கல். மனுசன் உழுந்து எந்திரிச்சாரு."

"அது நான் வளத்ததுக்கா."

"பாசியையா?" ராசம்மாள் அக்கா துடைப்பத்தைச் சாய்த்துவைத்தார். "நீ என்னமோ மருந்து ஊத்தி அத ஒழிக்கப் பாக்கறேன்னுல்ல நெனச்சேன். வருசக்கணக்கா ஒழிய மாட்டேங்குதே, புள்ள என்ன பண்ணும்னு எனக்கே பாவமா இருந்துச்சு சாமி."

செல்வி தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். சுடிதாரெல்லாம் சுண்ணாம்பு.

விஜயகுமார் சார் வந்து எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் வருத்தம் வந்து, உடனே போய்விட்டது.

"தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குது பாரு செல்வி. பாசி சுத்தம் பண்ணுனதுன்னு சொல்லிடலாம். பாசிய அள்ளிட்டோம்னு சொல்லலாம்."

"அள்ளுன பாசி எங்கன்னு கேட்டா சார்?"

"கேக்கறதுக்குள்ள டீயக் குடுத்துரு."

குழுவின் தலைவி ஓய்வுபெற்ற பேராசிரியை. தொட்டியில் குனிந்து பார்த்தவர், இவ்வளவு தெளிவான தண்ணீரை எந்த நிலையத்திலும் பார்த்ததில்லை என்றார். சார் பணிவாகத் தலையசைத்தார். செல்வியும் தலையசைத்திருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும்.

"மேடம், இது சுண்ணாம்புத் தண்ணி. பொங்கலுக்குத் தொட்டியக் கழுவிட்டாங்க. பாசி இதுல இல்லை."

சார் எதிரேயிருந்த சில்வர் ஓக் மரத்தை முதன்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். செல்வி அறைக்குள் ஓடி, விதைக்காக வைத்திருந்த குடுவையை எடுத்துவந்தாள். உள்ளங்கையளவு பச்சை. "தாய்ப்பாசி இது. இதுலருந்து திரும்பத் தொட்டிக்குக் கொண்டுவந்துடலாம்" என்றாள். அடுத்த வீட்டுக் குழந்தையைப் பார்ப்பதுபோல் தலைவி அதைப் பார்த்துச் சிரித்தார்.

"உண்மையச் சொன்னீங்க பாருங்க, அது பெரிய விஷயம்" என்றார். பிறகு நாங்கள் கொடுத்திருந்த மூலிகைத் தேநீரை மோந்து, "இதுல மிளகு கடைசியிலதான் வருது இல்ல? இன்னொரு கப் கிடைக்குமா?" என்றார்.

மாதக் கடைசியில் போன் வந்தது. தேநீருக்கு அனுமதி. பாசிக்குச் சான்று போதவில்லை. தொட்டிகள் சுத்தமாக இருப்பதால் மூலிகைகளைக் கழுவப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றும் அவர்களே யோசனை சொன்னார்கள். செல்வியின் பதவி 'தேநீர் ஆய்வாளர்' என்று மாறியது.

அவள் நேராக சாரின் மேஜைக்குப் போனாள்.

"ஒரு தொட்டி எனக்கு வேணுங்க சார்."

"எதுக்கு?"

"பாசிக்கு. இல்லீன்னா டீக்கு வேற ஆளப் பாத்துக்கோங்க."

அவள் இப்படிப் பேசி நாங்கள் கேட்டதில்லை. சார் யோசித்தார். அந்தக் கலவை அவளுக்கு மட்டும்தான் தெரியும். கக்கூஸுக்குப் பின்னால் இருக்கிற கடைசித் தொட்டி அவளுக்கு ஒதுக்கப்பட்டது.

சீசன் முடிவதற்குள் பல்பர் தண்ணீரைக் குடத்தில் சுமந்து நிரப்பி, குடுவையைக் கவிழ்த்தாள். கொஞ்ச நாள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தண்ணீரில் லேசாக, இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி ஒரு பச்சை.

போன வாரம் விஜயகுமார் சார் கை கழுவ அந்தப் பக்கம் போனார். ராசம்மாள் அக்கா குறுக்கே வந்து நின்றார்.

"ஏனுங்க சார், அதுல கைய உடாதீங்க."

"ஏன்?"

"பாசிதானுங்க. பாவம், புள்ள ஆசப்பட்டுக் கேட்டுச்சு. இருந்துட்டுப் போகுது."