ஹுமைத் நானாவின் கட்டைவிரல்

ஐஸைத் தள்ளிவிட்டு, மீனின் வாலைப் பிடித்துத் தூக்கி, முதுகெலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டே தலை வரைக்கும் போவார் ஹுமைத் நானா. கண்ணைப் பார்க்க மாட்டார். செவுளைத் திறக்க மாட்டார். முகர்ந்தும் பார்க்க மாட்டார். விரல் ஊர்ந்து போகிற நேரத்தில் அவர் பார்வை லுணுகலை டவுனுக்கு மேலே, மலையில் மூட்டம் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதில் இருக்கும். விரல் தலையைத் தொட்டதும் ஒரே ஒரு சொல். "சரி." இல்லையென்றால், "வாணாம்."

ஐம்பதை எட்டப் போகிற ஆள். குட்டையான உடம்பு, தடித்த கழுத்து. பழைய மோட்டார் சைக்கிளின் பின்னால் ஐஸ் நிரப்பிய ரெஜிபோம் பெட்டி, அதை இறுக்கிக் கட்ட டியூப் ரப்பர், பெட்டி மூடிக்கு மேலே மீன் வெட்ட ஒரு பலாப் பலகை. கத்தியை ஒரு துணியில் சுற்றி இடுப்பு பெல்ட்டில் செருகியிருப்பார். கிழக்குக் கரையிலிருந்து பிபிலை வழியாக ஏறிவரும் லொறியில் மீனை எடுத்து, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கொண்டுபோவது இருபத்திரண்டு வருடத் தொழில். அந்த ரோட்டில் குழிகளை எண்ணுவதை விட ரோட்டை எண்ணுவது சுலபம்.

மற்ற மீன்காரர்கள் மீன் பெயரைச் சொல்லிக் கூவுவார்கள். இவர் மீன் எப்படிப் பிடிபட்டது என்பதையும் சேர்த்துக் கூவுவார். "தூண்டில் பாரை! வலைச் சூடை!" தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் நின்று மாரியாயி அக்கா கேலி செய்வாள். "பாரைன்னா போதாதா நானா? தூண்டில்ல புடிச்சா என்ன, தும்பிக்கையில புடிச்சா என்ன?"

"தும்பிக்கையில புடிச்சிருந்தாலும் செல்லித்தான் விப்பேன் அக்கா."

இந்தக் கிறுக்கு எங்கே பிடித்தது என்றால் கடலில்தான். மனைவி ஸகீனா கிழக்குக் கரைக்காரி. கல்யாணமான புதிதில் மாமனார் மருமகனைத் தோணியில் ஏற்றிக் கல்லுப்பார் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனார். ஹுமைத் நானாவுக்கு நீந்தத் தெரியாது. தோணி விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணாடி மாட்டிய முகத்தை மட்டும் தண்ணீருக்குள் விட்டார். கீழே பவளப்பாறை பூத்துக் கிடந்தது. சந்துக்குச் சந்து மீன். மூச்சு முட்டி முகத்தைத் தூக்குவதும், திரும்ப விடுவதுமாக அன்று பகல் முழுக்கப் போயிற்று. ஆறு வருடம் கழித்து அதே இடத்துக்குப் போனார். இடையில் யாரோ வெடி போட்டுப் போட்டு மீன் அள்ளியிருந்தார்கள். உடைத்துக் கொட்டிய பீங்கான் குப்பை மாதிரிக் கிடந்தது பாறை. ஒரு மீன் கூட இல்லை. அன்றைக்கு அவர் முகத்தை ஒரு தடவைதான் தண்ணீருக்குள் விட்டார்.

தோட்டத்து ஆட்களுக்குக் கடலைப் பற்றி என்னவென்று விளக்குவது? அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார். "வலை போடுறது கொழுந்து எடுக்கிற மாதிரி அக்கா. இன்னைக்கு எடுத்தா மறு வாரம் திரும்ப வரும். வெடி போடுறது செடிய வேரோட புடுங்கிட்டு, இதுதான் கொழுந்துன்னு தராசில வைக்கிற மாதிரி."

"அப்படிப் புடுங்குனா தொரை சும்மா விடுவாரா?"

"கடலுக்குத் தொரை இல்லையே அக்கா."

வெடிமீன் கரையில் விலை போகாது, அங்கே உள்ளவன் கையில் எடுத்ததுமே கண்டுபிடித்துவிடுவான், அதனால்தான் மலைக்கு ஏற்றுகிறார்கள் என்பது அவருடைய கட்சி. லயத்துப் பெண்கள் மீன் வாங்குவதில் லேசுப்பட்டவர்கள் இல்லை. வயிற்றைக் கீறச் சொல்வார்கள். இரத்தம் வந்தால் புது மீன், வராவிட்டால் பழைய மீன். வெடி போட்டவனுக்குத் தோதாகப் போனது இந்தக் கணக்குதான். வெடி அதிர்ந்த வேகத்தில் மீனின் முதுகெலும்பு முறிந்து, காற்றுப்பை கிழிந்து, இரத்தக் குழாயெல்லாம் உடைந்து, வயிறு நிறைய இரத்தம் கட்டி நிற்கும். கீறினால் ஆடு அறுத்த மாதிரிக் கொட்டும். "பச்ச மீனுடி!" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

கட்டைவிரலுக்கு ஒரு தடவை பரீட்சையும் நடந்தது. கடல் ஆராய்ச்சி செய்கிற இஸ்ரா மிஸ், மலைக்கு ஏறுகிற மீனில் எவ்வளவு வெடிமீன் என்று பார்க்க லுணுகலைக்கு வந்திருந்தார். பத்து மீனை வரிசையாக வைத்தார். இவர் விரலை ஓட்டிச் சொல்லச் சொல்ல, மிஸ் வெட்டிப் பார்த்து எழுதிக்கொண்டார். ஒன்பது சரி. பத்தாவது மீன் முதுகெலும்பு முறிந்துதான் இருந்தது, ஆனால் உள்ளே காற்றுப்பை முழுசாக இருந்தது. லொறியில் ஐஸ் கட்டி விழுந்து முறிந்த எலும்பு. "வெடிமீன்னு செல்லிட்டேனே" என்று அந்த மீனைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு ஒரு மீனை மட்டும் பார்த்துப் பெட்டியைத் தள்ளுவதில்லை. பெட்டிக்கு நாலு மீன் பார்ப்பார், அதில் ஒன்றைக் கீறியும் பார்ப்பார்.

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள்தான் தோட்டத்து மாரியம்மன் திருவிழா மஞ்சள் நீரோடு முடிந்து காப்பு அவிழ்த்திருந்தார்கள். ஒன்பது நாள் லயத்தில் கருவாட்டு வாசனை கூடக் கிடையாது. காப்பு அவிழ்த்த மறுநாள் எந்த வீட்டிலும் மீன் குழம்பு கொதிக்காமல் இருக்காது. மீன்காரனுக்கு அந்த ஒரு நாள் ஒரு மாதத்துக்குச் சமம். அதை விடப் பெரிய விஷயம், அன்றைக்கு வேறொருத்தன் மீனைத் தின்ற லயம் அடுத்த வாரம் இவருடைய ஹோர்ன் சத்தத்துக்குக் காத்திருக்காது.

லொறி வந்தது. ஓட்டி வந்தவன் புவாத், ஸகீனாவின் தம்பி, அவளை ராத்தா என்று கூப்பிடுகிறவன். மூன்று பெட்டி பாரை. கட்டைவிரல் போயிற்று. ஒரு பெட்டி, இரண்டு பெட்டி, மூன்றாவது பெட்டி.

"என்ன மச்சான் யோசிக்கிறீங்க? ரெத்தம் சொட்டச் சொட்டக் கிடக்கு, பாருங்க."

"அதைத்தான் யோசிக்கிறேன். வாணாம்."

"மூணுமா?"

"மூணும்."

"இண்டைக்கு வேற மீன் இல்ல. காத்துக்கு ஒரு போட்டும் ஆழத்துக்குப் போகல்ல. இத விட்டா உங்களுக்குச் செதிளும் கிடைக்காது."

"போட்டே போகாட்டி இவ்வளவு பாரையும் எப்படி மச்சான் வந்திச்சு? நடந்தா?"

புவாத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "வெடி போட்டது நான் இல்லையே. கரையில ஏத்தினத்தைக் கொண்டு வந்தனான். ராத்தாட்ட நான் என்ன சொல்ற?"

"வாணாம்னு செல்லிட்டேன்னு செல்லு. ஒன்ட ராத்தாவும் அதைத்தான் செல்லுவா."

பக்கத்தில் த்ரீவீலும் ஒலிபெருக்கியுமாக நின்ற இன்னொரு மீன்காரன் நப்ரீஸ் அதற்குள் பெட்டிகளை இறக்க ஆரம்பித்துவிட்டான். ஹுமைத் நானா அந்தப் பெட்டிகளில் ஒன்றிலிருந்து ஒரே ஒரு மீனைக் கேட்டு வாங்கித் தன் பெட்டியில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார். வருகிறேன் என்று சொல்லியிருந்த இடத்துக்குப் போகாமல் இருக்க அவருக்குத் தெரியாது.

லயத்தில் சட்டியும் தட்டுமாக ஒரு கூட்டமே நின்றது. மூடியைத் திறந்ததும் மாரியாயி எட்டிப் பார்த்தாள்.

"என்ன நானா, ஒத்த மீனா? அறுபது வீட்டுக்கு ஆளுக்கொரு செதிளா?"

"இது விக்க இல்ல அக்கா. காட்ட."

மீனை உள்ளங்கையில் குறுக்கே வைத்தார். தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம், நனைந்த துணி மாதிரித் தொங்கிற்று. வயிற்றைக் கீறினார். இரத்தம் கொட்டியது. "பச்ச மீன்தானே!" என்றாள் கூட்டத்தில் நின்ற தனலெட்சுமி. அவர் உள்ளே விரலை விட்டுக் கந்தலாகக் கிழிந்த காற்றுப்பையை எடுத்துக் காட்டினார். "இது பலூன் மாதிரி இருக்கணும் தங்கச்சி. வெடி கிழிச்சிருக்கு. முதுகெலும்பு ரெண்டு துண்டு."

மாரியாயி இடுப்பில் கை வைத்தாள். "ஒம்பது நாளா வாயக் கட்டிக்கிட்டுக் கெடந்தோம். மசாலா அரைச்சு வச்சாச்சு. இப்ப எலும்பு ஒடஞ்சிருச்சுன்னு பாடம் எடுக்கிறீங்க. ஒடஞ்ச எலும்பு கொழம்புல வேகாதா?"

"வேகும். தின்னு ஒருத்தரும் சாகமாட்டீங்க. நான் விக்கமாட்டேன், அவ்வளவுதான்."

அதே நேரம் ரோட்டுத் திருப்பத்தில் ஒலிபெருக்கி கேட்டது. "பாரை, பாரை, பச்சைப் பாரை!" நின்ற கூட்டம் கலைந்து த்ரீவீலைச் சுற்றிக்கொண்டது. ஹுமைத் நானா போகவில்லை. லயத்துப் பீலியில் விழும் ஊற்றுத் தண்ணீரில் கையைக் கழுவிவிட்டு, பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து வெற்றிலையை எடுத்தார். வேறொருவராக இருந்தால் முகம் தொங்கியிருக்கும். இவர் சுண்ணாம்பு கூடிவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் திரும்பி வந்தவள் மாரியாயிதான். தட்டில் ஒரு பாரை. வாயில் வசவு. "கையில வச்சா தொங்குற மாதிரியும் இருக்கு, தொங்காத மாதிரியும் இருக்கு. கொழுந்துக்கு என் வெரலு, மீனுக்கு ஒங்க வெரலு. பாத்துச் சொல்லித் தொலைங்க."

கட்டைவிரல் வாலிலிருந்து கிளம்பியது. பாதியில் நின்றது. "வாணாம்."

மாரியாயி தட்டோடு திரும்பிப் போன வேகத்தில் த்ரீவீல் பக்கம் சத்தம் கிளம்பிற்று. "மாத்திக் குடுப்பா! இல்லாட்டி காசைக் குடு!" அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர், தட்டும் கையுமாகப் பீலிக்கு வந்தார்கள். வாணாம். வாணாம். வாணாம். சிலர் வரவேயில்லை, அவர்கள் வீட்டில் குழம்பு கொதிக்கிற வாசனை வந்துகொண்டிருந்தது. நப்ரீஸ் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு இறங்கி நேரே வந்தான்.

"நானா, நீங்களும் விக்கமாட்டீங்க, என்னையும் விக்க விடமாட்டீங்களா?"

அப்போது தனலெட்சுமியின் மீன் அவர் கையில் இருந்தது. விரல் பாதியைத் தாண்டிற்று. தலை வரைக்கும் போயிற்று. திரும்ப வாலுக்கு வந்து மறுபடியும் போனார். மீனின் வாயைத் திறந்து, உதட்டோரத்தில் தூண்டில் முள் கிழித்த தடத்தைப் பார்த்தார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், நப்ரீஸும்தான்.

"சரி," என்றார். "வெடிமீனோட கலந்து வந்த தூண்டில் மீன். நல்ல மீன்."

பிறகு இடுப்பிலிருந்து கத்தியை உருவி, துணியை அவிழ்த்து, நப்ரீஸ் விற்ற அந்த மீனைத் தன் பலாப் பலகையில் வைத்து, வாலிலிருந்து செதிள் சீவத் தொடங்கினார்.