இடி இடித்ததை எழுதிக் காட்டிய பிள்ளைகள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கத்தில் கடலோரம் இருக்கும் ஒரு தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். தக்கலையிலிருந்து தினமும் பஸ் மாறிப் போக வேண்டும். அந்த வருடம்தான் எங்கள் வகுப்புக்குப் பெரிய திரையும் இன்டர்நெட்டும் வந்தன. பாட்டு, கதை, படம் என்று எதைப் போட்டாலும் பிள்ளைகள் குதித்துத் தீர்த்துவிடுவார்கள்.

ஒருத்தி மட்டும் முன் பெஞ்சில் அசையாமல் இருப்பாள். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் அவளுக்குக் காது போய்விட்டது. பேச்சு வந்த பிறகு நடந்ததால் கொஞ்சம் பேசுவாள். தமிழ் நன்றாகவே வாசிப்பாள். காதில் மிஷின் மாட்டினாலும் வகுப்பு இரைச்சலில் எதுவும் பிரிந்து கேட்காது. மற்றவர்கள் சிரித்தால் அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, கடைசியில் தானும் சிரித்து வைப்பாள்.

அவள் அப்பா கல்ஃபில் இருந்தார். அம்மா மீன் வாங்கி விற்பவர். பள்ளி திறந்த புதிதிலேயே என்னிடம் வந்து சொல்லிவிட்டார்.

"டீச்சர், செவி கேக்காத பிள்ளையளுக்கு ஹாஸ்டலோட தூரத்துல ஒரு ஸ்கூல் உண்டு. இடம் கெடச்சா கொண்டு விட்டிருவேன். இஞ்ச இவ பொம்ம மாதிரில்லா இருக்கா."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. மகளோ அம்மாவின் சேலையைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை.

பாடத்தை அவளுக்காகப் பலகையில் எழுதிவிடுவேன். ஆனால் ஒரு வகுப்பில் பாடம் மட்டுமா நடக்கிறது? பின் பெஞ்சுக் கேலி, பென்சில் சண்டை, நேற்று வலையில் விழுந்த பெரிய மீனின் கதை. இதையெல்லாம் யார் எழுதுவது?

ஒரு நாள் பஸ்ஸில் நின்றுகொண்டே, டைப் பண்ண முடியாமல், வீட்டுக்காரருக்கு ஒரு மெசேஜைப் பேசியே அனுப்பினேன். நான் பேசப் பேச போன் எழுதியது. சட்டென்று அந்தப் பிள்ளையின் முகம்தான் நினைவுக்கு வந்தது. மறுநாளே, பேசுவதை எழுத்தாக்கும் ஆப் ஒன்றைப் போனில் ஏற்றி, வகுப்புத் திரையோடு இணைத்தேன்.

"பிள்ளைகளே, எல்லோரும் சாப்பிட்டீர்களா?" என்று கேட்டேன். திரையில் அப்படியே வந்தது. அவள் என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடியும் என்னைப் பார்த்தாள். "சாப்பிட்டேன் டீச்சர்" என்று உரக்கச் சொன்னாள். அந்த வகுப்பில் யாரும் தூண்டாமல் அவள் சொன்ன முதல் பதில் அது.

என்னுடைய புத்தகத் தமிழ் அந்த ஆப்புக்குச் சரிப்பட்டது. எங்கள் பிள்ளைகளின் தமிழ்தான் அதைத் திணறடித்தது. ஒருவனிடம் போனைக் கொடுத்து, மதியச் சாப்பாடு எப்படி என்று கேட்டேன். "மீன்கறி கொள்ளாம்" என்றான். எங்கள் பக்கத்தில் நன்றாக இருக்கிறது என்பதற்கு அப்படித்தான் சொல்வோம். திரையில் வந்ததோ "மீன்கறி கொல்லலாம்."

வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. வாசித்துவிட்டு அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இந்த முறை யார் முகத்தையும் பார்த்துச் சிரிக்கவில்லை. எல்லோரும் சிரித்த அதே நொடியில் சிரித்தாள்.

அன்று சாயங்காலம் ஒரு சிறுமி என்னிடம் வந்தாள். "டீச்சர், அப்பம் இத்தன நாளும் நாங்க பேசினது ஒண்ணுமே அவளுக்குத் தெரியாதா?"

அவளுக்குக் காது கேட்காது என்று நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். தங்கள் வார்த்தையைத் திரையில் பார்த்த பிறகுதான் அது அவர்களுக்கு உறைத்தது. அதற்குப் பிறகு அவர்களாகவே ஒவ்வொருவராக, நிறுத்தி நிறுத்திப் பேசப் பழகினார்கள். ஆப் தப்பாக எழுதினால் ஓடிப்போய் அவள் நோட்டில் திருத்தி எழுதிக் கொடுத்தார்கள்.

மழைக்காலம் வந்தது. ஒரு நாள் மத்தியானம் அவள் அம்மா நனைந்த குடையோடு வாசலில் வந்து நின்றார். ஹாஸ்டலில் இடம் கிடைத்துவிட்டதாம், டி.சி. வேண்டும் என்றார். கொண்டுபோக வேண்டாம் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அவருடைய கவலைக்கு நான் என்ன உறுதி கொடுத்துவிட முடியும்? தலைமை ஆசிரியை வரும்வரை வகுப்பின் பின்னால் உட்காரச் சொன்னேன்.

அன்று காலையிலிருந்தே கரண்ட் இல்லை, நெட்டும் இல்லை. ஆப் வேலை செய்வதையாவது அந்த அம்மாவுக்குக் காட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. புத்தகத்தைப் பிரித்துக் கதை வாசிக்கத் தொடங்கினேன். நடுவில் எனக்குத் தும்மல் வந்தது.

ஒரு சிறுமி எழுந்து வந்து சாக்பீஸை எடுத்து, கரும்பலகையில் 'டீச்சர் தும்மினாங்க' என்று எழுதினாள். முன் பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்பு. அடுத்து இன்னொருவன் வந்து, கதையில் நரி சொன்னதை எழுதினான். பிறகு ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். எழுத்துப்பிழைகளைத் திருத்தாமல் நான் கதையை வாசித்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று வெளியே ஒரு பெரிய சத்தம். ஒருத்தி ஓடி வந்து எழுதினாள்: 'இடி இடிச்சு.'

"எவ்வளவு பெருசு?" என்று முன் பெஞ்சிலிருந்து அவள் கேட்டாள். வகுப்பு முழுக்கக் கைகளை அகல விரித்துக் காட்டியது.

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து, "டி.சி. இப்பம் வேண்டாம் டீச்சர். எனக்க பிள்ள இஞ்சயே படிக்கட்டும்" என்றார். தலைமை ஆசிரியை வரும்வரைகூட அவர் காத்திருக்கவில்லை.

அவள் அங்கேயே ஐந்தாம் வகுப்பை முடித்தாள். கூடப் படித்தவர்களோடு சேர்ந்து இப்போது பக்கத்து ஊர் உயர்நிலைப்பள்ளிக்குப் போகிறாள்.

இன்றைக்கும் வகுப்பு எடுக்கும்போது இடிச் சத்தம் கேட்டால் பாடத்தை நிறுத்திவிட்டு, இங்கே நடப்பது இன்னும் போய்ச் சேராத பிள்ளை எது என்று என் கண்கள் தானாகவே ஒவ்வொரு முகமாகத் தேடும்.