அனந்தநாராயணன் வாங்கிய மானிட்டர்

அனந்தநாராயணனைக் கேட்காமல் திருவையாற்றில் யாரும் ஒரு மிக்ஸிகூட வாங்கக் கூடாது என்பது அவருடைய அபிப்பிராயம். யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம். கேட்காதவர்கள் வீட்டுக்கும் போய், வாங்கி வைத்த பொருளை இரண்டு தட்டு தட்டிப் பார்த்து, "ஏமாந்துட்டேள்" என்று சொல்லிவிட்டு வந்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். தாலுகா ஆபீசில் முப்பத்தோரு வருஷம் மற்றவர்கள் மனுக்களில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவர். ஓய்வு பெற்றதும் மனுக்கள் நின்றன. மற்றது நிற்கவில்லை.

அவர் மனைவி ஞானத்துக்கு ஆரம்பத்தில் அவரிடம் பயம் இருந்தது. பிறகு கோபம் வந்தது. இப்போது இரண்டும் போய், நமுத்துப்போன அப்பளத்தைப் பார்ப்பது போல அவரைப் பார்க்கப் பழகியிருந்தாள்.

வீட்டு டிவியில் குறுக்கே கோடு விழ ஆரம்பித்ததும் அவருக்கு யோகம் அடித்தது. டிவி வாங்குகிறவன் மடையன் என்று அறிவித்தார். மானிட்டராக வாங்கினால் லேப்டாப்பையும் மாட்டலாம், கேபிள் பெட்டியையும் மாட்டலாம், படம் கண்ணாடி மாதிரி இருக்கும் என்றார். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கட்டம் போட்டு அங்குலம், பேனல், ஹெர்ட்ஸ் என்று ஆறு வாரம் எழுதினார். தஞ்சாவூரில் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கினார். எந்தக் கடைக்காரனுக்கும் ஒன்றும் தெரியவில்லை என்பது அவர் கண்டு வந்த முடிவு. சத்தம் நன்றாக வருமா என்று ஞானம் ஒரே ஒரு தடவை கேட்டாள். பார்க்கிற சாமானைப் பற்றிப் பேசும்போது கேட்கிறதைப் பற்றிப் பேசுகிறாயே என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

முடிவு செய்த பிறகு, ஞானத்தையும் அழைத்துக்கொண்டு கடைத்தெருவில் செழியன் கடைக்குப் போனார். செழியன் இன்ஜினீயரிங் படித்துவிட்டுக் கம்ப்யூட்டரும் போனும் பழுது பார்க்கிறவன். அவனிடம் யோசனை கேட்கப் போகவில்லை. அவனுக்குத் தெரியாததைத் தெரிவிக்கப் போனார். செழியன் மாடல் எண்ணைப் போனில் தட்டிப் பார்த்தான்.

"சார், இதுல ஸ்பீக்கர் இல்லீங்க. லேப்டாப்புக்குச் சரி, அதுலயே சத்தம் வந்துடும். கேபிள் பாக்ஸ் மாட்டினா தனியா ஒரு ஸ்பீக்கர் வச்சாகணுங்க."

அனந்தநாராயணன் சிரித்தார். தெருவில் இறங்கியதும், அவன் காதில் விழுகிற தூரத்திலேயே, "அவன் தாத்தா நம்மாத்து வயல்ல நாத்து பறிச்சவன். இவன் எனக்கு மானிட்டர் சொல்லித் தரான்" என்றார். அந்த வயலை அவர் எப்போதோ விற்றுத் தீர்த்தாயிற்று. வரப்பில் ஒரு நாள் நடந்தவரில்லை. ஞானத்துக்கு உடம்பு கூசியது.

மானிட்டர் வந்தது. முப்பத்திரண்டு அங்குலம். லேப்டாப்பை மாட்டிப் பார்த்தார்; படமும் வந்தது, சத்தமும் வந்தது. சத்தம் லேப்டாப்பிலிருந்து வந்தது என்பது நோட்டு எழுதிய மகானுக்குத் தோன்றவில்லை. செழியனுக்கு என்ன தெரியும் என்று இரண்டு நாள் பேசினார். கையோடு பழைய டிவியைக் காயலான் கடைக்குப் போட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர்கள் மகள் மாளவிகாவின் பேட்டி டிவியில் நேரலையாக வருவதாக இருந்தது. மாளவிகா நெல் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் விஞ்ஞானி. சம்பா நெற்பயிரைப் புகையான் பூச்சி சாறு உறிஞ்சி அழிக்காமல் காப்பதற்கு அவள் சொன்ன வழியை அந்த வருஷம் டெல்டா முழுக்கப் பேசினார்கள். ஞானத்துக்கு அந்தக் குரலைக் கேட்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

அனந்தநாராயணனுக்கு நிறைய வேண்டியிருந்தது. மகளை விவசாயம் படிக்க வைத்ததே தான்தான் என்று ஒரு வாரமாகத் தெருவெல்லாம் சொல்லி, பதினைந்து பேரைக் கூடத்துக்கு அழைத்திருந்தார். உண்மையில் அவர் அன்று சொன்னது கம்ப்யூட்டர் படிப்பு. சேற்றில் இறங்குகிற படிப்பு நமக்கு எதற்கு என்று குதித்தார். அவருக்குத் தெரியாமல் விவசாயக் கல்லூரி விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்துப் போட்டது ஞானம். மகளுக்கு மார்க் பத்தாமல் அங்கே தள்ளிவிட்டார்கள் என்று பன்னிரண்டு வருஷமாக அவர் நம்பிக்கொண்டிருந்தார். கையெழுத்து விஷயம் தாய்க்கும் மகளுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி.

பத்து மணிக்குத்தான் முதல் தடவையாகக் கேபிள் பெட்டியை மாட்டினார். படம் கண்ணாடி மாதிரி வந்தது. சத்தம் வரவில்லை. ரிமோட்டை அமுக்கினார், பெட்டியைத் தட்டினார், கேபிள்காரனைத் திட்டினார். அவர் வாயில் வராத ஒரே வார்த்தை ஸ்பீக்கர். ஞானம் உள்ளே போய்ச் செழியனைப் போனில் கூப்பிட்டாள். தன் புருஷன் அன்று சொன்னதை நினைத்தபோது கூப்பிடவே வெட்கமாக இருந்தது. இருந்தாலும் கூப்பிட்டாள். அவன் பைக்கில் வந்து சேர்ந்தபோது மாளவிகா திரையில் பேசத் தொடங்கியிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை, கடையைத் திறந்து ஸ்பீக்கர் எடுத்துட்டு வரதுக்குள்ள முடிஞ்சிடும் மாமி. இதுல கேளுங்க" என்று தன் போனில் அதே பேட்டியைப் போட்டு முக்காலியில் சாய்த்து வைத்தான். போனில் அரை நிமிஷம் பின்தங்கி வரும், அவ்வளவுதான் என்றான்.

அந்த அரை நிமிஷத்துக்குக்கூட அனந்தநாராயணனால் பொறுக்க முடியவில்லை. ஊமைத் திரைக்கு அவரே குரல் கொடுக்க ஆரம்பித்தார். மாளவிகா கையை விரித்தால், பூச்சி எவ்வளவு பரவியது என்று சொல்கிறாள் என்றார். அரை நிமிஷம் கழித்துப் போனில் அவள் வயலுக்குத் தண்ணீர் விடுவதைப் பற்றிப் பேசினாள். கூடத்தில் ஒருவர் இருமினார். அனந்தநாராயணன் நிறுத்தவில்லை. திரையில் மாளவிகா தலையை அசைத்துச் சிரித்தாள்.

"பாத்தேளா, என்னைத்தான் சொல்றா. எங்கப்பா காட்டின வழிங்கறா" என்றார்.

ஞானம் கணவரைப் பார்க்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள்.

இந்தப் படிப்புக்கு வீட்டில் உடனே ஒத்துக்கொண்டார்களா என்று பேட்டி எடுத்தவள் கேட்டாள்.

"எங்கப்பா ஒத்துக்கவே இல்லைங்க. சேத்துல இறங்கற படிப்புன்னார். கையெழுத்துப் போட்டது எங்கம்மா. அப்பாவுக்கு இன்னிவரைக்கும் தெரியாது" என்றது மாளவிகாவின் குரல். பிறகு அந்தச் சிரிப்பு, இம்முறை சத்தத்தோடு. "இப்ப தெரிஞ்சிருக்கும்."

அனந்தநாராயணன் முகத்தில் ஈயாடவில்லை. மனைவியைப் பார்த்தார். வந்தவர்களைப் பார்த்தார். யாரும் எழுந்து போகவில்லை என்பதுதான் அவருக்கு அதிகமாக உறுத்தியது. "அதை நிறுத்துடா" என்று செழியனிடம் கையை நீட்டினார்.

ஞானம் நாற்காலியை இழுத்து, மானிட்டருக்கு முதுகைக் காட்டி, போனுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"செழியா, சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வைப்பா" என்றாள்.